தொட்டிக்கு முன் வாளி

ஒரகடம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவில் கெமிஸ்ட்டாக இருக்கிறேன். ஷிஃப்ட் ஏறியதும் நான் முதலில் பார்ப்பது, ஆர்.ஓ. மெம்பிரேனுக்குள் போகும் தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்பதைத்தான். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 0.1 பிபிஎம் என்ற அளவைத் தாண்டவே விடக்கூடாது. தாண்டினால் மெம்பிரேனின் மேற்படலம் கொஞ்சம் கொஞ்சமாக அரிபட்டுப் போகும். அதைக் காப்பாற்ற முதலில் ஒரு கார்பன் ஃபில்டர், அடுத்து சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் டோசிங் பம்ப், கடைசியில் குளோரின் மிஞ்சினால் காட்டிக்கொடுக்கும் ஒரு ஓ.ஆர்.பி. மீட்டர் என்று மூன்று காவல் போட்டிருக்கிறோம். உயிரில்லாத ஒரு படலத்துக்கே இத்தனை பாதுகாப்பு. மீனின் செவுள் அந்தப் படலத்தைவிடப் பலமடங்கு மென்மையானது. வீட்டில் நாம் குளோரின் கலந்த தண்ணீரைக் குழாயில் பிடித்து, அப்படியே அதன்மேல் ஊற்றிவிடுகிறோம்.

கடைக்காரர்கள் ‘ஆன்டி குளோரின்’ என்று எடுத்துக் கொடுக்கும் சின்ன பாட்டில், ‘வாட்டர் கண்டிஷனர்’ என்று லேபிள் ஒட்டிய பெரிய பாட்டில் இரண்டும் இதற்காகத்தான். அவை என்ன வேலை செய்கின்றன, எதைச் செய்யாது, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் நம் பக்கத்தில் சாகிற வண்ணமீன்களில் பெரும்பகுதியைக் காப்பாற்றிவிடலாம் என்று நம்புகிறேன்.

அறைக்கு ஒரு தொட்டி

1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் வந்தது. பின்னாலேயே டயர், லாரி, புல்லட், கண்ணாடி, செல்போன் என்று வரிசையாக வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்காக மாத்தூரிலும் பண்ருட்டியிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் வீடுகள் மாடிமேல் மாடியாக எழும்பின. ஒரே அறையில் மூன்று நான்கு பேர். ஒருவர் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்கும்போது இன்னொருவர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். நாய், பூனை வளர்க்க ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார். மீன் வளர்ப்பதை யாரும் தடுப்பதில்லை. அதனால் ஜன்னல் ஓரத்தில் ஒரு பாட்டிலில் பைட்டர், இல்லாவிட்டால் இரண்டடித் தொட்டியில் கப்பியும் மோலியும் இருக்கிற அறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊரையும் அம்மா அப்பாவையும் விட்டு வந்த பிள்ளைகளுக்குத் திரும்பி வந்ததும் பார்க்க ஓர் உயிர் இருக்கிறது. அது செத்து மிதந்தால் அவர்கள் எவ்வளவு நொந்துபோகிறார்கள் என்பதை நேரில் பார்த்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தண்ணீர் டெஸ்ட் செய்பவள் என்று தெரிந்ததும் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு என்னிடம் வரத் தொடங்கினார்கள். மெயின்டனன்ஸில் இருக்கும் ஒரு தம்பி ஒரு திங்கட்கிழமை வந்தார்.

“அக்கா, நேத்து தொட்டிய ஃபுல்லா கழுவி தண்ணி மாத்துனேன். காலைல பாத்தா எல்லா கப்பியும் மெதக்குது. தண்ணியில ஒண்ணும் இல்லக்கா. கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க. டிடிஎஸ் மீட்டர்ல கூட போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் காட்டுது.”

அவர் கொண்டுவந்த குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டேன். ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டியைச் சோதிக்க வருகிறவர்கள் குளோரோஸ்கோப்பில் விடுவதும் இதே கரைசல்தான். தெளிந்த தண்ணீர் அவர் கண் முன்னாலேயே எலுமிச்சை மஞ்சளாக மாறியது. வண்ண அட்டையோடு ஒப்பிட்டதில் 1 பிபிஎம் பக்கம் வந்தது.

“டிடிஎஸ் மீட்டர் தண்ணில கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும் தம்பி. குளோரின் இருக்கா, அம்மோனியா இருக்கான்னு அதுக்குத் தெரியாது.”

மனிதருக்குப் போதுமானது, மீனுக்குப் பத்து மடங்கு

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500. குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984ல் நன்னீர் உயிர்களுக்கு என்று ஒரு வரம்பு வகுத்தது. கொஞ்ச நேரத்துக்குத் தாங்கக்கூடிய அளவு லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். தொடர்ந்து இருந்தால் 0.011. நமக்குக் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கும் அளவே மீனின் வரம்பைப்போலப் பத்து மடங்கு.

மேல்நிலைத் தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போடுவது பொதுச் சுகாதாரப் பாடத்தில் உள்ள கணக்கு. அந்தப் பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் தண்ணீரில் 0.75 பிபிஎம் வரும். புதிதாகப் பிரித்த மூட்டையாக இருந்தால் வீரியம் அதிகம். ஈரம் ஏறிய பழைய மூட்டையில் குறைவு. மழைக்காலத்தில், வயிற்றுப்போக்கு பரவும் நேரத்தில், வெள்ளம் வடிந்த பிறகு அளவைக் கூட்டுவார்கள். கூட்டத்தான் வேண்டும். ஆகவே அதே குழாயில் போன வாரம் பிடித்த தண்ணீரில் மீன் நன்றாக இருந்தது என்பதை நம்பி இந்த வாரம் ஊற்ற முடியாது.

குளோரின் முதலில் தாக்குவது செவுளை. செவுள் இழைகளின் மேல்தோல் ஒரு சில செல்கள் கனம்தான். அந்த மெல்லிய தோல் வழியாகத்தான் மீன் ஆக்சிஜனை இழுக்கிறது, அம்மோனியாவை வெளியே விடுகிறது, உடம்பின் உப்புச் சமநிலையையும் காக்கிறது. குளோரின் பட்டதும் இழைகள் வெந்து, வீங்கி, சளி மூடிக்கொள்ளும். தண்ணீரில் நிறைய ஆக்சிஜன் இருந்தும் மீனுக்கு மூச்சு முட்டும். தண்ணீர் மாற்றிய சிறிது நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, தொட்டிக்குள் அங்குமிங்கும் பாய்ந்து கல்லில் மோதினாலோ, செவுள் மூடி வேகமாக அடித்துக்கொண்டாலோ முதல் சந்தேகம் குளோரின்மேல் விழ வேண்டும். உடனடியாகக் கண்டிஷனரை முழுத் தொட்டியின் அளவுக்குக் கணக்கிட்டு ஊற்றி, காற்றுக் குழாயை வேகமாக ஓடவிட்டால் பல மீன்கள் பிழைக்கும். செவுள் ஏற்கெனவே வெந்துவிட்ட மீன் இரண்டு மூன்று நாள் கழித்தும் சாகலாம்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எது?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் ஒரே தெருவில் நான்கு விதத் தண்ணீர் ஓடுகிறது. மருந்து வாங்கும் முன் எந்தத் தண்ணீர் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, ஊராட்சி, நகராட்சிக் குழாய்த் தண்ணீர். இதில் குளோரின் உண்டு. காலையில் திறந்துவிட்டதும் பிடித்தால் அதிகமாக இருக்கும். மாடியில் கறுப்பு சின்டெக்ஸில் ஒரு நாள் வெயிலில் கிடந்த தண்ணீரில் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். சென்னைக்குள் இருக்கும் உறவினர்களுக்கும் இது பொருந்தும். நம் கண்ணெதிரே கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர், நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையத்தில் குளோரின் சேர்க்கப்பட்டுத்தான் நகரத்துக்குப் போகிறது.

இரண்டாவது, போர் தண்ணீர். நேரடியாக மோட்டாரில் ஏறும் போர் தண்ணீரில் குளோரின் கிடையாது. ஆன்டி குளோரின் ஊற்றினால் காசு வீண், வேறொன்றும் நடக்காது. ஆனாலும் இதை நேரே ஊற்றக்கூடாது. நிலத்தடித் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம், ஆக்சிஜன் குறைவு. சில போர்களில் இரும்பும் கலந்து வரும். வாளியில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் செம்மண் நிறத்தில் படியுமே, அதுதான். ஒரு நாள் முழுக்கக் காற்று விட்டு வைத்தால் இந்த மூன்றும் சரியாகும். நம் பெரியவர்கள் தண்ணீரைத் தேக்கி வைத்து ஊற்றச் சொன்னது குளோரின் இல்லாத தண்ணீருக்கும் சரியான வழிதான். உப்பும் கடினத்தன்மையும் அதிகமுள்ள போர் என்றால் மோலி, கப்பி, பிளாட்டி போன்ற மீன்கள் மகிழ்ச்சியாக இருக்கும். டிஸ்கஸ், நியான் டெட்ரா வாடும். தண்ணீரோடு மல்லுக்கட்டாமல் அதற்குப் பிடித்த மீனை வாங்குவது எல்லா மருந்தையும்விட நல்ல வைத்தியம்.

மூன்றாவது, டேங்கர் லாரித் தண்ணீர். எந்த ஊர் கிணறு, யார் என்ன போட்டார்கள் என்று சொல்ல முடியாது. அடுக்குமாடிகளில் சம்ப்பில் குளோரின் மாத்திரையோ பிளீச்சிங் பவுடரோ போடுவதும் உண்டு. ஆகவே டேங்கர் தண்ணீரைக் குளோரின் உள்ள தண்ணீராகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, ஆர்.ஓ. தண்ணீரும் இருபது லிட்டர் கேனும். “ரொம்ப சுத்தமான தண்ணிதானே” என்று மீனுக்கு வாங்கி ஊற்றுகிறவர்கள் பலர். குளோரின் இதில் இருக்காது. பைகார்பனேட்டும் கிட்டத்தட்ட இருக்காது என்பதுதான் சிக்கல். மீன் கழிவு சிதையும்போது அமிலம் உண்டாகும். அதைத் தாங்கிப் பிடிப்பது பைகார்பனேட்தான். அது இல்லாத தொட்டியில் பி.எச். அளவு சில நாட்களில் மடமடவென்று இறங்கிவிடும். ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி போர் தண்ணீரோடு கலந்தால் போதும். போரே இல்லாத வீட்டில் ஐம்பது லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கரைத்தால் லிட்டருக்கு எழுபது மில்லிகிராம் அளவுக்குக் காரத்தன்மை ஏறும். அதையும் ஒரே நாளில் போடாமல் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும்.

இருட்டறையிலிருந்து வந்த மருந்து

கடையில் கிடைக்கும் சாதாரண ஆன்டி குளோரின் பெரும்பாலும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல். டிஜிட்டல் கேமரா வருவதற்கு முன்னால் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இருட்டறையில் ஃபிலிமையும் படத்தையும் நிலைநிறுத்த அவர்கள் முக்கியெடுத்த ‘ஹைப்போ’ இதுதான். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி 1819லேயே இது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்று கண்டறிந்தார். குளோரினைப் பார்த்ததும் இது வினைபுரிந்து சாதாரணக் குளோரைடாக மாற்றிவிடும். நொடிகளில் முடிகிற வேலை.

1 மில்லிகிராம் குளோரினுக்கு 7 மில்லிகிராம் ஹைப்போ படிகம் என்பது மீன் பண்ணைகளில் வைத்துக்கொள்ளும் கணக்கு. கெமிக்கல் கடையில் ஹைப்போ வாங்கி வீட்டிலேயே கரைத்துக்கொள்ளலாம். 10 கிராம் படிகத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். குளோரின் 1 பிபிஎம் உள்ள 15 லிட்டர் வாளிக்கு அந்தக் கரைசல் 1 மில்லி போதும். மெடிக்கல் ஷாப்பில் ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து விடுங்கள். கரைசலைப் பிரவுன் பாட்டிலில் இருட்டில் வையுங்கள். நாளாக ஆக வீரியம் குறையும் என்பதால் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வது நல்லது.

ஹைப்போவுக்கு ஒரு எல்லை உண்டு. குளோரின் அம்மோனியாவைச் சந்தித்தால் குளோரமைன் என்ற சேர்மம் உண்டாகும். எங்கள் வேலையில் இதை அடிக்கடி பார்க்கிறோம். 2019லிருந்து கோயம்பேட்டில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது. நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். நகரத்துக் கழிவுநீரை மெம்பிரேன் வழியாகச் சுத்தப்படுத்தி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்குக் குழாயில் அனுப்புவதற்காகக் கட்டியது அது. கழிவுநீரில் அம்மோனியா இருப்பதால் குளோரின் சேர்த்ததும் குளோரமைன் ஆகிவிடும். சாக்கடை கலந்த ஏரியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ எடுத்துக் குளோரின் போட்ட எந்தத் தண்ணீரிலும் இது நடக்கலாம்.

குளோரமைன் ஒரு நாள் காற்று விட்டாலும் போகாது. செவுளைத் தாண்டி ரத்தத்துக்குள் போய் ஹீமோகுளோபினையே கெடுக்கும். ஹைப்போ ஊற்றினால் குளோரின் பாகம் உடைந்து அம்மோனியா தனியாக மிஞ்சும். அதற்காகத்தான் பெரிய பாட்டில் கண்டிஷனர்கள் வந்தன. 1987ல் ஜான் குன்ஸ் என்ற அமெரிக்கர், குளோரின், குளோரமைன், அம்மோனியா மூன்றையும் பிடிக்கும் ஹைட்ராக்சிமீத்தேன் சல்ஃபோனேட் என்ற பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சந்தையில் உள்ள பல பாட்டில்களில் இதுவோ இதன் வகையைச் சேர்ந்த கந்தகச் சேர்மங்களோ இருக்கின்றன. சிலவற்றைத் திறந்தால் கந்தக நெடி அடிக்கும். அது கெட்டுப்போன அடையாளம் என்று பயந்து கொட்டிவிடாதீர்கள்.

இவை அடர்த்தியானவை. உதாரணத்துக்கு, பரவலாக விற்கும் சீக்கெம் பிரைமில் 200 லிட்டருக்கு 5 மில்லி என்று தயாரிப்பாளரே சொல்கிறார். 15 லிட்டர் வாளிக்கு எட்டுச் சொட்டுக்கும் குறைவு. மூடி மூடியாக ஊற்றினால் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் இந்தக் கந்தகச் சேர்மங்கள் தின்னும். நம் பக்கத்து மே மாதச் சூட்டில் இது ஆபத்து. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான்.

எந்த பாட்டிலும் செய்யாத வேலை

அந்தத் தம்பியிடம் நான் அதிக நேரம் பேசியது குளோரினைப் பற்றி இல்லை. “தொட்டிய ஃபுல்லா கழுவுனேன்” என்றாரே, அதைப் பற்றி.

மீன் செவுள் வழியாக இரவும் பகலும் அம்மோனியாவை வெளியே விடுகிறது. மீந்த தீனி அழுகினாலும் அம்மோனியா. ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் வழவழப்பாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். வீட்டுத் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998ல் டிமதி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள். இந்தக் கூட்டம் புதுத் தொட்டியில் குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஞாயிறுதோறும் எல்லாத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அதே குளோரின் அந்தப் பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அப்புறம் ஒவ்வொரு வாரமும் புதுத் தொட்டிதான்.

அம்மோனியா எவ்வளவு விஷம் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். பி.எச். 7 உள்ள 30 டிகிரித் தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனால் ஏழரை சதவீதம். எட்டரையில் இருபது. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள் கொஞ்சமாகத் தீனி போட வேண்டும், மீன் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அம்மோனியாவைக் கட்டும் கண்டிஷனர் ஓரிரு நாளுக்குத்தான் அதைப் பிடித்து வைக்கும். அந்த நேரத்தில் ஃபில்டர் பாக்டீரியா அதைத் தின்று முடிக்க வேண்டும். ஃபில்டர் இல்லாத பாட்டிலில், பாக்டீரியா செத்த தொட்டியில், எந்த விலை உயர்ந்த மருந்தும் தவணை வாங்கித்தான் கொடுக்கும். கரண்ட் போய் ஃபில்டர் நின்றாலும் பாக்டீரியா மூச்சுத் திணறும். ஒரு பேட்டரி ஏர் பம்ப் வாங்கி வைப்பது இரண்டாவது பாட்டில் மருந்து வாங்குவதைவிட மேல்.

புதுத் தொட்டியில் நைட்ரைட் ஏறி மீனின் ரத்தம் பழுப்பாகிச் சோர்ந்தால் நம் வீட்டுக் கல் உப்பு கைகொடுக்கும். உப்பில் உள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். அயோடின் சேர்க்காத கல் உப்பை லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை மக்கில் கரைத்து ஊற்றலாம். செதில் இல்லாத மீன்களும் செடிகளும் உள்ள தொட்டியில் குறைந்த அளவோடு நிறுத்துங்கள். பைட்டர் வளர்ப்பவர்கள் போடும் காய்ந்த நாட்டு வாதுமை இலையும் நல்லதுதான். அதன் துவர்ப்புச் சத்து தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, பி.எச். அளவைச் சற்றே குறைக்கும். குளோரினை எடுக்க அதை நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியது

தொட்டியின் கொள்ளளவை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்கி, அதை 28 ஆல் பெருக்கினால் லிட்டர். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று தொட்டி 56 லிட்டர். கல்லும் மேலே விட்ட இடமும் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர் இருக்கும். வாரத்துக்கு அதில் கால் பங்கு, அதாவது முக்கால் வாளியை மட்டும் மாற்றினால் போதும்.

மீனுக்கென்று ஒரு வாளி ஒதுக்குங்கள். சோப்பு, ஷாம்பு அதைத் தொடக்கூடாது. தண்ணீரைப் பிடித்து, வாளியின் அளவுக்கு மட்டும் மருந்தைக் கலக்கி, சில நிமிடம் விடுங்கள். நேரம் இருந்தால் முந்தைய இரவே பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு வையுங்கள். தொட்டித் தண்ணீரும் வாளித் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். மத்தியானம் சின்டெக்ஸ் தண்ணீர் கொதிக்கும், அப்போது மாற்றாதீர்கள். ஹோஸ் பைப்பில் நேரே தொட்டிக்குள் நிரப்புகிறவர்கள், புதிதாக ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போடாமல் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்ட மருந்தை முதலில் ஊற்றிவிட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். ஃபில்டர் பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்து எடுத்தால் போதும். மிஞ்சிய பழைய தண்ணீரில் நைட்ரேட் நிறைந்திருக்கும். மாடிச் செடிகளுக்கு அதைவிட நல்ல உரம் இல்லை.

அந்தத் தம்பி இப்போது வாளிக்கணக்கில்தான் தண்ணீர் மாற்றுகிறார். மறுபடி கப்பி வாங்கினார். அவை குட்டி போட்டு, பக்கத்து அறைக்காரர்களுக்குக் கொடுக்கிற அளவுக்குப் பெருகிவிட்டன. என்னிடம் வந்து ஒன்று கேட்டார்: “அக்கா, டேங்க் ஆப்பரேட்டர் அண்ணங்கிட்ட பவுடர் கொஞ்சம் கம்மியா போடச் சொல்லலாமா?”

கூடாது என்றேன். அதே குழாயில்தான் அந்தத் தெருவின் கைக்குழந்தைகள் தண்ணீர் குடிக்கிறார்கள். மழைக்காலத்தில் அவர்களைக் காலராவிலிருந்தும் டைஃபாய்டிலிருந்தும் காப்பது அந்த ஒரு கைப்பிடி பவுடர்தான். ஆப்பரேட்டரிடம் எந்த நாளில் போடுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அன்று தண்ணீர் மாற்றாமல் இருங்கள். தெருவுக்குக் குளோரின் வேண்டும், உங்கள் தொட்டிக்கு வேண்டாம். இரண்டையும் பிரிக்கும் பொறுப்பு மீன் வளர்க்கும் நம்முடையது. ஒரு வாளியும் ஒரு மில்லி மருந்தும் ஐந்து நிமிடமும் கொடுத்தால் அந்தப் பொறுப்பு முடிந்தது.